படி இல்லாத வீடு

அப்போது நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸுக்கு எண்பத்து நான்கு படிகள். சாத்தம் மர மில்லில் வேலை முடிந்து பாலத்தைத் தாண்டி வந்தால் குன்றின் அடியில் தண்ணீர்க் குழாய் இருக்கும். அங்கிருந்து ஏற வேண்டும். சில படிகள் கல், சில படிகள் மண்ணை வெட்டி மரச்சட்டம் பதித்தவை. தபால்காரர் ஏற மாட்டார். குழாயடியில் நின்று சைக்கிள் மணியை அடிப்பார்.

மாமனாரின் கடிதமும் அப்படித்தான் வந்தது. என் மனைவி இறங்கிப் போய் வாங்கி, படித்துக்கொண்டே ஏறி வந்தாள். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் மேலே இருந்து பார்த்துவிட்டுப் பயந்துபோய் இறங்கினேன்.

"ஐயாவும் ஆத்தாவும் வாராக. அடுத்த மெட்ராஸ் கப்பல்ல."

"நல்ல விசயம்தானே?"

"மிச்சத்தையும் படிக்கிறேன் கேளுங்க."

ஊர் வாத்தியாரை விட்டு எழுதச் சொன்ன கடிதம். கப்பல் போர்ட் பிளேரில் நிற்கும் நான்கு நாட்கள் மட்டும் இருந்து மகளையும் பேத்திகளையும் பார்த்துவிட்டு, அதே கப்பலில் திரும்பிவிடுவதாக எழுதியிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குப் பாரமாக இருக்கமாட்டோம் என்று இரண்டு இடத்தில் வந்தது.

"நாலு நாளு கப்பல்ல கெடந்து வந்து, நாலு நாளு எங்கூட இருந்துட்டு, மறுபடி நாலு நாளு கப்பல்ல கெடந்து போவாகளாம். எட்டு வருசம் பாக்காம இருந்ததுக்கு இதுதானா?" என்றாள்.

அவர்கள் இராமநாதபுரம் பக்கம். மிளகாய் விவசாயம். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் மூன்று நான்கு நாளுக்கு மேல் தங்குவது அவர்கள் வழக்கத்தில் இல்லை. மாமா அதில் கறார். அதோடு, முந்தின வருடம் வண்டியிலிருந்து விழுந்து அவருக்கு இடுப்பு போயிருந்தது. கம்பு ஊன்றி நடப்பார். குத்துக்காலிட்டு உட்கார முடியாது. எங்கள் வீடு ஒரு அறை, ஒரு வராந்தா. கக்கூஸ் கீழே, குழாய்க்குப் பக்கத்தில், எல்லா லைன் வீட்டுக்கும் பொது. எழுபது வயதைத் தாண்டியவரை ஒரு நாளைக்கு எத்தனை தடவை எண்பத்து நான்கு படி இறக்கி ஏற்றுவது?

அந்தப் படியில் உட்கார்ந்தபடியே என் மனைவி ஒரு திட்டம் போட்டாள்.

"தனியா ஒரு எடம் பாருங்க. படி இல்லாம, கக்கூஸ் கிட்டத்துல, ஆத்தா தானே சோறு பொங்கிக்கிற மாதிரி. அப்ப மக வீட்ல இருக்கோம்ங்கிற நெனப்பு வராது. பிடிச்சுப் போச்சுன்னா அடுத்த கப்பல் வரைக்கும் இருப்பாக. ஒரு மாசம் கெடைக்கும் எனக்கு."

"பார்க்கிறேன்."

"பார்க்கிறேன்னு சொல்லிட்டு, யாருகிட்டயும் கேக்காம, சுத்திட்டு வந்துருவீங்க. வாயைத் தொறந்து கேக்கணும்."

அவள் சொன்னதில் தவறில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதனால்தான் பேச வராது என்று சொல்லமாட்டேன். என்னோடு படித்து நின்றவர்கள் நன்றாகவே பேசுவார்கள். எனக்குச் சுபாவம் அப்படி. கடைக்காரர் அழுகின தேங்காயைப் பையில் போட்டாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

ஆனால் அளக்கத் தெரியும். மில்லில் என் வேலை அதுதான். அறுத்து வரும் பலகையின் நீளம், அகலம், கனம் பார்த்துச் சாக்கட்டியால் அதன் மேலேயே எழுதிவிட வேண்டும். அதனால் பேசுவதற்கு முன் அளந்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

முதலில் அபர்டீன் பஜாரில் இருந்த ஒரு லாட்ஜ். அதன் வாசலை மூன்று தடவை கடந்து போனேன். மூன்றாவது தடவை பக்கத்துக் கடையில் தேவையில்லாமல் ஒரு சோப்பு வாங்கினேன். பிறகு ஆளில்லாத நேரம் பார்த்து மாடிப்படியில் குனிந்து, சாண் வைத்து அளந்தேன். மரப்படி, இருபத்திரண்டு, ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் உயரம். மேலே இருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். மலையாளி.

"எந்தா, என்ன தொலைச்சு?"

"ஒண்ணுமில்ல."

"பின்னே ஏன் என் படியை அளக்குது? வாங்கப் போறோ?"

மாமனார் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். "இவிடே வேண்டா. இது கப்பல் தொழிலாளி தங்கற எடம். சீட்டு, பாட்டு, சண்டை. வயசானவங்களுக்குச் சரிப்படாது" என்று உண்மையைச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அடுத்து ஒரு கோயில் சத்திரம். பதினோரு படி, பரவாயில்லை. ஆனால் ஆண்கள் ஒரு கூடம், பெண்கள் ஒரு கூடம். மூன்று நாளுக்கு மேல் இல்லை. மூன்று நாள் என்றால் மாமாவின் கணக்குக்கு ஒத்துப்போகும். என் மனைவியின் கணக்குக்கு ஆகாது. விருந்தினர் மாளிகை ஒன்று சமதரையில் இருந்தது, திண்டு வைத்த நாற்காலியோடு. மில் கிளார்க்கிடம் கேட்டேன்.

"யாருக்கு?"

"மாமனாருக்கு."

"ரிடையர்டு ஆபீசரா?"

"மிளகாய் விவசாயி."

கிளார்க் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். "அது பெரிய ஆபீசருங்க வந்தா தங்கற எடம்ப்பா. ஒண்ணு பண்ணு. மாமனாரைக் கலெக்டராக்கிட்டு வா, நான் அப்ளிகேஷன் எழுதித் தர்றேன்."

இடம் கிடைக்காத கவலையில் ஒரு உருப்படியான காரியம் செய்தேன். மில்லில் கழித்துப்போட்ட படாக் மரத்துண்டுகளை அனுமதி கேட்டு வாங்கி, எங்கள் தச்சரை வைத்து ஒரு நாற்காலி செய்தேன். உட்காரும் பலகையில் வட்டமாக ஒரு துவாரம். மாமா அதில் உட்கார்ந்தபடியே காலைக்கடனை முடித்துக்கொள்ளலாம். படாக் சிவப்பு மரம், இழைத்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். தச்சர் கடைசி வரை கேலி செய்துகொண்டே இருந்தார்.

"மாமனாருக்குச் சிம்மாசனமே செஞ்சிட்டே. ராஜா எங்க தங்கப் போறாரு?"

அதுதான் தெரியவில்லை.

மதியச் சங்கு ஊதியதும் மில் வாசலுக்கு ஒரு முட்டைக்காரப் பெரியவர் வருவார். கடலுக்கு அந்தப் பக்கம் பாம்பூ பிளாட்டிலிருந்து போட்டில் கூடையோடு வந்து, எங்களுக்கு அவித்த முட்டை விற்றுவிட்டுப் போவார். இந்தத் தீவிலேயே பிறந்தவர். அவருடைய தாத்தா கைதியாக வந்தவர் என்று சொல்லிக்கொள்வார். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. இந்திதான் பேசுவார். மில் வாசலில் நின்று நின்று கொஞ்சம் தமிழும் வந்திருந்தது. எல்லோரும் அவரைச் சாச்சா என்போம். ஆறு வருடமாக அவரிடம் முட்டை வாங்கியிருக்கிறேன். ஆறு வருடத்தில் நான் அவரிடம் பேசியது, "ரெண்டு" என்ற ஒரு வார்த்தைதான்.

அன்றும் நான் முட்டை வாங்கவில்லை. அவரே கேட்டார்.

"க்யா பாய், ரெண்டு நாளா முட்டை இல்லை? கர்ல, வீட்ல யாருக்காவது பீமாரா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு சாச்சா."

"பின்னே மூஞ்சி ஏன் இப்படி?"

எப்படியோ சொல்லிவிட்டேன். கடிதம், இடுப்பு, லாட்ஜ், சத்திரம், எல்லாம். ஆறு வருடத்துப் பேச்சையும் ஒரே தடவையில் பேசிவிட்ட மாதிரி இருந்தது. அவர் முட்டை ஓட்டை உரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நம்ம கர் இருக்கு. படி ஏக் பி நஹி. ஒண்ணுகூட இல்லை. வந்து தேக்கோ, பாரு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் போட் ஏறிப் போனேன். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். ஜெட்டியிலிருந்து வீடு நூற்றுப் பத்து அடி. தரை ரசமட்டம் வைத்துப் பார்த்தது மாதிரி மட்டம். முன்பக்கம் தனிக் கதவு வைத்த ஒரு அறை, முன்பு அவருடைய மகன் இருந்த இடம். மகன் தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில், அரசாங்க வேலைக்குப் போய்விட்டதால் சும்மா கிடந்தது. கிணறு பக்கத்தில். கக்கூஸுக்குப் பன்னிரண்டு எட்டு, நடுவில் வேர்கூட இல்லை. பின்னால் அவரைப் பந்தல், கோழிக்கூண்டு, பிறகு காடு. வாசல்படியின் உயரம் மூன்று விரல். எல்லாவற்றையும் சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டேன்.

வாடகை எவ்வளவு என்று கேட்டேன். அதைக் கேட்க ஜெட்டியிலிருந்தே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஜஹாஜ்ல வர்ற ஆளுகிட்ட கிராயாவா? எங்க ஆளுங்க அப்படி வாங்கமாட்டாங்க. கப்பல்ல வந்தவன் மெஹ்மான். இதுக்கு மேல பேச்சில்லை."

மெஹ்மான் என்றால் விருந்தாளி. விருந்தாளி என்றால் மாமா தங்கமாட்டார். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். திரும்பும்போது கடல் ஜெட்டியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. போட்டுக்குள் காலை எடுத்து வைத்தேன், அவ்வளவுதான். இதைவிட நல்ல இடம் இந்தத் தீவில் கிடையாது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் சிகரெட் அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, முதல் தடவையாக என் அளவு வேலையைப் பாராட்டினாள்.

சரியாக ஒரு வாரம் கழித்து, அடுத்த ஞாயிறு, கப்பல் வந்தது.

மாமா கப்பலின் மலிவான பங்க் கிளாஸில் நான்கு நாள் படுத்து வந்த களைப்பில் இருந்தார். ஆனாலும் சட்டை மடிப்புக் கலையவில்லை. அத்தை மிளகாய் மூட்டையையும் புளிப்பானையையும் யாரையும் தொடவிடவில்லை. மகளும் தாயும் கட்டிக்கொண்டு அழுதது, பேத்திகள் ஒளிந்துகொண்டது எல்லாம் முடிந்து, சாத்தத்துக்கு வந்து போட் பிடித்தோம். சாத்தம் பக்கம் போட் நிற்கிற இடம் சரிவு. மாமா கம்பை ஊன்றி மெல்ல இறங்கி ஏறிக்கொண்டார். நாற்காலியை நான் தலையில் வைத்துக்கொண்டேன்.

பாம்பூ பிளாட் நெருங்கியதும்தான் பார்த்தேன். போன ஞாயிறு என் காலுக்கு நேராக இருந்த ஜெட்டி தலைக்கு மேலே இருந்தது. கடல் கீழே இறங்கிப்போய், அதுவரை நான் கவனித்தே இராத படிகள் வரிசையாக வெளியே தெரிந்தன. பச்சைப் பாசி பிடித்து, சிப்பி ஒட்டி, தண்ணீர் சொட்டிக்கொண்டு. பதினாறு படிகள். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

இதைச் செய்தவன் வேறு வேலைக்காரனாக இருந்தால் மன்னிக்கலாம். எங்கள் மில்லுக்கு மரக்கட்டைகளைத் தெப்பமாகக் கட்டி இழுத்து வருவதே கடல் ஏற்றம் பார்த்துத்தான். இன்று மதியம் ஏற்றம் என்றால் அடுத்த வாரம் அதே நேரத்துக்கு வற்றம் என்பது மில்லில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரியும். நான் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன். வீட்டுக்குள் மூன்று விரல் படியை அளந்து எழுதியவன், கடலை அளக்க மறந்துவிட்டேன்.

மாமா மேலே பார்த்தார். போட்காரர்கள் இரண்டு பேர் கையோடு கை கோத்து, அவரை அதில் உட்கார வைத்துத் தூக்கினார்கள். ஜெட்டியில் போட்டுக்குக் காத்திருந்தவர்கள் எல்லாம் விளிம்புக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். மீன் கூடையோடு நின்ற தெலுங்குக்காரப் பெண் ஒருத்தி, "பெத்தாயன, பெரியவரோட கல்யாண ஊர்வலம் வருது, வழி விடுங்க" என்றாள். சிரித்தார்கள். கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான். மாமா அந்தப் பதினாறு படியும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கையில் கம்பை மட்டும் நிமிர்த்திப் பிடித்திருந்தார்.

அறையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்ள, கப்பல் என்னைக்குக் கெளம்புது?"

"வியாழக்கிழமை மாமா."

"ரெண்டு டிக்கெட் போட்டுருங்க."

என் மனைவி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் ஊதுகிற சத்தம் நின்றுவிட்டது.

அன்று மாலை வாடகை விஷயமும் வெளிவந்துவிட்டது. மாமா சாச்சாவைப் பார்த்து விரலைத் தேய்த்துக் காட்டினார். சாச்சா இரண்டு கையையும் கூப்பி, பிறகு காதைப் பிடித்துக்கொண்டார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

"அப்ப நான் இங்க யாரு மாப்ள? வாடகைக்கு இருக்கிறவனா? இல்ல. ஒறவா? இல்ல. மொகந்தெரியாத மனுசன் வீட்ல ஓசிக்குப் படுத்துக் கெடக்கவா மூட்டை கட்டிக்கிட்டு வந்தேன்?"

மாமாவோடு நான் அதுவரை பேசியதெல்லாம் "வாங்க மாமா", "சாப்பிட்டீங்களா மாமா" என்பவைதான்.

அத்தை மட்டும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வழக்கப்படி என்னிடம் நேராகப் பேசாமல், நான் கேட்கிற மாதிரி மகளிடம் சொன்னார். "ஒங்க ஐயாவைத் தூக்குனது நல்லதுக்குத்தான்த்தா. எம்புட்டுக் கனம்னு இத்தன வருசமா எனக்கு மட்டுந்தானே தெரியும். இப்ப நாலு பேருக்குத் தெரிஞ்சு போச்சு."

திங்கட்கிழமை டிக்கெட்டுக்குப் போனேன். கப்பல் ஆபீஸில் நீண்ட வரிசை. எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். அவளை முன்னால் விட்டேன். பிறகு ஒரு கிழவர், அவரையும் விட்டேன். பிறகு வந்தவர்களுக்குக் காரணம் எதுவும் இல்லை, ஆனாலும் விட்டேன். கவுன்டரை அடைத்தபோது நான் போன இடத்திலேயே நின்றிருந்தேன். அதுவரை என் கூச்சத்தால் எனக்கு ஒரு லாபமும் வந்ததில்லை.

"டிக்கெட் கெடைக்கல" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஐயா கேப்பாக. அப்ப என்ன செய்வீங்க? நீங்கதான் பேசணும். நான் சொன்னா, பொம்பளப் பிள்ள அழுவுதும்பாக."

செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டு, நானும் அவளும் முதல் போட்டில் போனோம். எங்கள் தீவில் ஐந்து மணிக்கே வெளுத்துவிடும். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நான்கைந்து படிதான் வெளியே தெரிந்தன.

அறையில் மாமா இல்லை. பின்பக்கம் போனால், அவரைப் பந்தல் ஓரத்தில் படாக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். துவாரத்தின் மேல் ஒரு பலகையை வைத்து மூடியிருந்தார். கையில் கம்பு. எதிரே சாச்சா உப்புத் தண்ணீர் ஊற்றிய தகர டின்னோடு குனிந்து நின்றார். மாமா கம்பால் காட்டுகிற இடத்திலெல்லாம் சாச்சா இலையை விலக்கி ஒரு நத்தையை எடுத்து டின்னில் போட்டார். எங்கள் பக்கத்து நத்தை கையளவு இருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் வந்தது என்பார்கள். ஒரு ராத்திரியில் ஒரு பாத்தியை மொட்டையாக்கிவிடும்.

"மாப்ள, இது நத்தையா, சங்கா?" என்றார் மாமா. இரண்டு நாளில் முதல் தடவையாகக் குரலில் உயிர் இருந்தது.

"நத்தைதான் மாமா."

"ஊர்ல இம்புட்டுப் பெருசு பார்த்ததில்ல. விடிய விடிய கருக்கு கருக்குன்னு சத்தம். எலின்னு நெனச்சேன். இந்த மனுசன் ஒத்தையாளா எடுத்துக்கிட்டு இருக்காரு. அந்தக் கொடியில ஒண்ணு இருக்கு, விட்டுட்டாரு. சொல்லுங்க."

சொன்னேன். சாச்சா எடுத்தார்.

"இந்த நாற்காலி..." என்று இழுத்தேன்.

"இம்புட்டு நல்ல மரத்துல போயி அந்தக் காரியம் பண்ணுவாகளா மாப்ள? அவரு ஒரு பழைய பெட்டியில ஓட்டை போட்டுக் குடுத்துட்டாரு. அது போதும்."

சாச்சா முதுகை நிமிர்த்திக்கொண்டு என்னிடம் இந்தியில் புலம்பினார். கேம்பல் பேயில் மகனுக்குப் பிள்ளை பிறந்து ஒரு வருடமாகிவிட்டது. வா வா என்று மகன் எழுதிக்கொண்டே இருக்கிறான். அங்கே தங்க இடமும் இருக்கிறது, டிக்கெட்டும் எடுத்துக் கொடுப்பான். ஆனால் எப்படிப் போவது? இரண்டு நாள் விட்டால் நத்தை பந்தலைத் தின்றுவிடும். காட்டு மான் வேலியைத் தாண்டும். கோழிக்கு யார் தீனி போடுவார்கள்? "ஏக் சால் ஹோ கயா பாய். ஒரு வருசம். போத்தா, பேரனோட மூஞ்சி தெரியாது எனக்கு."

அவர் யோசனை எதுவும் கேட்கவில்லை. சும்மா சொன்னார். நான் டின்னைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

"நீங்க போங்க சாச்சா. வீட்டை என் மாமா பார்த்துப்பாரு."

சாச்சா மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாரு?" என்று கேட்டார். என் மனைவி கதவோரத்தில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, இவருக்குப் பேரன் பிறந்து ஒரு வருசம் ஆச்சு. இன்னும் பார்க்கல. வீட்டைப் பார்த்துக்க ஆளில்லாம போக முடியல. நீங்க பார்த்துப்பீங்கன்னு சொல்லிட்டேன். உங்களைக் கேக்காம சொன்னது தப்புதான்."

ஆரம்பித்தது ஆரம்பித்தாயிற்று என்று மீதியையும் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை தண்ணி வத்தியிருக்கும்னு நான் பார்க்கல. உங்களைத் தூக்கும்படி ஆனது என் தப்பு. இனிமே ஏத்தம் பார்த்துத்தான் போட்ல ஏத்துவேன். டிக்கெட்டும் நேத்து நான் வாங்கல. வரிசையில எல்லாரையும் முன்னால விட்டுட்டேன்."

மாமா கம்பைத் தரையில் இரண்டு தட்டு தட்டினார்.

"மரத்துக்கெல்லாம் தண்ணி பார்த்துக் கொண்டாரீங்க. மாமனாருக்குப் பார்க்கல."

"இல்ல மாமா."

"இவரு போனா எப்பத் திரும்புவாரு?"

"தீவுக்குத் தீவு போற கப்பல் சனிக்கிழமை. திரும்பி வர ஒரு மாசம் ஆகலாம். சரியாச் சொல்ல முடியாது."

"அப்ப நான் இங்க காவலுக்கு ஆளு. அப்படித்தான?"

"ஆமா மாமா."

"காவக்காரனுக்கு வாடகை கெடையாது."

"கெடையாது மாமா."

"சாப்பாடு?"

இதை நான் சாச்சாவிடம் கேட்டேன். அவர் பந்தலையும் கோழிக்கூண்டையும் கையால் சுற்றிக் காட்டினார். மாமா தலையை ஆட்டிக்கொண்டார். "ஓசி இல்ல. கூலி. அதைத் தெளிவா அவர்கிட்டச் சொல்லிருங்க. பின்னாடி பேச்சு வரக் கூடாது" என்றார். நான் சொன்னேன். சாச்சாவும், பின்னாடி பேச்சு வராது என்று தன் பங்குக்குக் காதைப் பிடித்துக்கொண்டார். என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள். ஊதுகுழல் சத்தம் பலமாகக் கேட்டது.

வியாழக்கிழமை வேலை முடிந்து போனபோது கடல் மறுபடி இறங்கியிருந்தது. பாசிப் படியில் பார்த்து ஏறிப் போனேன். அத்தை என் மனைவியை முன்னால் உட்கார வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். எட்டு வருடச் சிக்கு என்று சொல்லிச் சொல்லி இழுத்தார். மாமா பந்தலடியில். அக்கரையில் கப்பல் ஊதியது. மூன்று தடவை ஊதிவிட்டு மெதுவாகத் திரும்பியது.

"அது நம்ம கப்பலா மாப்ள?"

"ஆமா மாமா."

"சரி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க."

சாச்சா சனிக்கிழமை போனார். கூடை நிறைய அவித்த முட்டை, பேரனுக்கு ஒரு மரப் பொம்மை. போகும்போது கோழிகளை ஒவ்வொன்றாக மாமாவுக்குக் காட்டி ஏதோ சொன்னார். மாமா ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினார். என்ன புரிந்தது என்று கேட்டேன். "அந்தக் கழுத்தறுப்பான் கோழி மட்டும் கொத்துமாம்" என்றார். சரியாகத்தான் இருந்தது.

பிறகு எங்கள் வீட்டில் காலம் கடலை வைத்துத்தான் நடந்தது. சுவரில் சாக்கட்டியால் தினமும் ஏற்ற நேரத்தை எழுதிவிடுவேன். அதைப் பார்த்துப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக் கிளம்புவாள் என் மனைவி. ஏற்றம் காலையில் என்றால் காலைச் சோறு அங்கே, மாலையில் என்றால் ராச் சோறு அங்கே. மாமா எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை. மேலே இருக்கிற எங்கள் குன்றை இக்கரையிலிருந்து காட்டினேன். "அதுலயா இருக்கீக? நல்லா இருங்க" என்றார். மில் வாசலில் சாச்சாவின் முட்டை நின்றுபோனதால், அத்தை அவித்துக் கொடுப்பதை நானே எடுத்துப் போய் விற்றேன். ஆளைக் கூப்பிட்டு விற்க எனக்கு வராது. டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். விற்றுவிடும்.

ஒரு மாதம் கழித்து மெட்ராஸ் கப்பல் வந்தது. சாச்சா வரவில்லை. கடல் கொந்தளிப்பு, தீவுக் கப்பல் அங்கேயே நிற்கிறது என்று தந்தி வந்தது. மாமாவிடம் படித்துக் காட்டி, டிக்கெட் போடட்டுமா என்று கேட்டேன். கேட்கத்தானே வேண்டும்.

"அடுத்தவன் வீட்டைத் தெறந்து போட்டுட்டு எங்க போறது? நம்பி விட்டுட்டுப் போயிருக்காரு மனுசன்."

"மிளகாய்க்கு நாள் ஆகலையா மாமா?"

"ஊர்ல தம்பி இருக்கான். இங்க நத்தைக்கு யாரு இருக்கா?"

அந்தக் கப்பல் போயிற்று. அடுத்ததும் போயிற்று. என் மனைவி கேட்டது ஒரு மாதம். மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. சாச்சா வந்து இறங்கியபோது கறுத்துப்போய், சந்தோஷமாக, பேரன் தாடியைப் பிடித்து இழுத்த கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். மாமா அவரைப் பந்தலடிக்குக் கூட்டிப் போய், ஒரு இலையில்கூட ஓட்டை இல்லை என்று திருப்பித் திருப்பிக் காட்டினார். ஒருவர் தமிழிலும் ஒருவர் இந்தியிலுமாக அரைமணி நேரம் பேசினார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

கிளம்புகிற நாள் ஏற்றம் காலை பத்தரைக்கு. பத்துக்கே ஜெட்டியில் நிறுத்திவிட்டேன். மாமா விளிம்பில் கம்பை ஊன்றி நின்று கடல் ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு போட் வந்தது. விளிம்புக்கும் போட்டுக்கும் நடுவில் இன்னும் இரண்டு படி இருந்தது.

"ஏறலாமா மாமா?"

"அவசரம் என்ன? அடுத்ததுல போவோம்."

அடுத்த போட் வந்தபோது தண்ணீர் விளிம்பைத் தொட்டது. மாமா யார் கையையும் பிடிக்காமல் ஒரே எட்டில் உள்ளே போனார். மீன்காரப் பெண் இந்தத் தடவையும் இருந்தாள். மாமா அவளைப் பார்த்துக் கம்பை ஒரு தடவை நிமிர்த்திக் காட்டினார்.

நாற்காலியை எடுத்துப் போங்கள் என்று நான் கொண்டுவந்து வைத்திருந்தேன். அவர் வேண்டாமென்று சாச்சா பக்கம் தள்ளச் சொன்னார்.

"இங்கயே கெடக்கட்டும். அடுத்த வருசம் அவரு பேரனைப் பார்க்கப் போவாருல்ல. அப்ப நான் எங்க உக்கார்றது?"